சாவா மூவாப் பேராடு

சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் தொடர் இது. கோயிலில் ஒரு விளக்கு என்றென்றைக்கும் அணையாமல் எரிய வேண்டும் என்று ஒருவர் நேர்ந்துகொள்கிறார். அந்த நந்தா விளக்குக்காக ஆடுகளை, பெரும்பாலும் 90 அல்லது 96 உருப்படி, கோயிலுக்கு விடுகிறார். இடையர் அவற்றை ஏற்றுக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்து கொடுக்க வேண்டும். ஆடு கிழடாகாதா, சாகாதா? ஆகும், சாகும், அது எழுதியவர்களுக்கும் தெரியும். செத்த ஆட்டின் இடத்துக்குக் குட்டி வந்து சேரும், கணக்கில் மட்டும் எண்ணிக்கை குறையக் கூடாது என்பதுதான் 'சாவா மூவா' என்பதன் பொருள். சந்திரனும் சூரியனும் உள்ளளவும் இது நடக்க வேண்டும் என்று கல்லில் வெட்டியாகிவிட்டது. இத்தனை ஏற்பாட்டுக்கும் பிறகு, பல கல்வெட்டுகள் ஒரு விண்ணப்பத்தோடு முடிகின்றன: இந்த தர்மத்தைக் காப்பவருடைய பாதம் என் தலைமேல். நிலமும் படையும் வைத்திருந்தவர்கள், இன்னும் பிறக்காத யாரோ ஒருவரின் காலைத் தலையில் தாங்குவதாகச் சொல்கிறார்கள். வேறு வழியில்லை. கல்லை வெட்டலாம், பின்னால் வருபவரைக் கட்டிப்போட முடியாது. அந்த விளக்குகளில் மிகப் பல இன்று எரியவில்லை.

பின்வருபவரை நம்பிச் செய்த இன்னோர் ஏற்பாட்டைப் பற்றி 1972-இல் ஆல்வின் வெயின்பெர்க் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் அணுசக்தியின் எதிரி அல்லர். அப்போது ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தின் இயக்குநர், இன்று உலகில் ஓடும் பெரும்பாலான உலைகளின் அடிப்படை வடிவத்துக்குப் பங்களித்தவர். அணு விஞ்ஞானிகளாகிய நாம் சமூகத்தோடு ஒரு ஃபாஸ்ட் ஒப்பந்தம் செய்திருக்கிறோம் என்று அவர் எழுதினார். ஃபாஸ்ட், அறிவுக்காகவும் இன்பத்துக்காகவும் சாத்தானிடம் ஆன்மாவை அடகு வைத்த ஜெர்மன் கதைமாந்தர். வற்றாத ஆற்றலை நாங்கள் தருகிறோம், பதிலுக்கு நீங்கள் இதுவரை எந்தச் சமூகமும் காட்டாத விழிப்பையும், எந்த நிறுவனமும் வாழ்ந்திராத ஆயுளையும் தர வேண்டும் என்பதே அந்த ஒப்பந்தம். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1984-இல், மொழியியல் அறிஞர் தாமஸ் செபியோக் இன்னும் ஒரு படி மேலே போனார். அணுக்கழிவு புதைத்த இடத்தைப் பற்றிய எச்சரிக்கையைப் பத்தாயிரம் ஆண்டுகளுக்குக் கடத்துவது எப்படி என்று அமெரிக்க அரசுக்காக எழுதிய அறிக்கையில், அறிஞர்களைக் கொண்ட ஓர் 'அணு பூசாரி வர்க்கம்' வேண்டும், அது சடங்காலும் புராணத்தாலும் அந்த இடத்தைப் பற்றிய அச்சத்தை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்று யோசனை சொன்னார். இருபதாம் நூற்றாண்டின் உச்சகட்ட அறிவியல், தன்னைக் காத்துக்கொள்ள மதத்தின் வாசலில் வந்து நின்ற தருணம் அது. ஆனால் பூசாரிகளை அழைத்தவர், பூசைகள் நின்றுபோன கோயில்களை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நந்தா விளக்குக்கும் அணுக்கழிவுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. விளக்கு அணைந்தால் நேர்ந்தவருடைய புண்ணியம் குறையலாம், ஊரில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் கழிவிலுள்ள புளூட்டோனியம்-239 பாதியாகக் குறைய 24,100 ஆண்டுகள் ஆகும். அதைக் காக்கும் விழிப்பு இடையில் அறுந்தால் அடிபடுபவர், நேர்ந்தவரும் அல்லர், அதன் வெளிச்சத்தில் வாழ்ந்தவரும் அல்லர். பிள்ளைக்கு உடம்பு சரியானால் மொட்டை போடுகிறேன் என்று தாய் நேர்ந்துகொள்வதும், முடியை இழப்பது பிள்ளையாக இருப்பதும் நமக்குப் பழக்கமானதுதான். முடி மறுபடி வளரும் என்பதால் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. இன்னொருவருடைய விழிப்பை, அவர் பிறப்பதற்கு முன்பே, நாம் நேர்ந்துகொள்ளலாமா? அணுசக்தி பற்றிய அறக்கேள்விகளில் இதுவே அடிப்படையானது என்று நினைக்கிறேன். கூடாது என்பதே என் விடை. விழிப்பு ஒரு நற்பண்பு; நற்பண்பை ஒருவர் தானாக ஏற்கலாம், மேலிருந்து கடனாகச் சுமத்த முடியாது. அப்படியானால் பாதுகாப்பான உலைக்காக அணு இயற்பியலில் நடந்திருக்கும் தேடலை வெறும் தொழில்நுட்ப முன்னேற்றமாகப் பார்ப்பது போதாது. நாம் நேர்ந்ததை நம் காலத்திலேயே செலுத்தித் தீர்க்க எடுக்கும் முயற்சி அது. எவ்வளவு தீரும், எவ்வளவு தீராது என்று பார்ப்போம்.

நம் மொழியில் பாதுகாப்பு என்ற சொல்லுக்குள்ளேயே காவலாள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். காப்பது என்றால் காக்க ஓர் ஆள் வேண்டும். ஆனால் ஆள் இல்லாத காப்பு ஒன்று எல்லா உலையின் அடியிலும் இருக்கிறது. யுரேனியம்-235 பிளக்கும்போது வெளிவரும் நியூட்ரான்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அந்தக் கணத்திலேயே கிளம்பிவிடும். 0.65 சதவீதம் மட்டும், பிளவில் பிறந்த துண்டுகள் சிதையும்வரை காத்திருந்து, ஒரு வினாடிக்கும் குறைவு முதல் ஏறத்தாழ ஒரு நிமிடம்வரை தாமதமாக வரும். இந்தச் சிறுபான்மை இல்லாவிட்டால் தொடர்வினை கண் இமைப்பதற்குள் கை மீறிப் போகும். எந்த மனிதராலும், வினையை அடக்கச் செருகும் எந்தக் கட்டுப்பாட்டுத் தண்டாலும் அதை எட்டிப் பிடிக்க முடியாது. உலையை மனித வேகத்துக்கு இறக்கிக் கொடுப்பது இந்தத் தாமத நியூட்ரான்கள்தாம். இதை யாரும் வடிவமைக்கவில்லை. அது அப்படி இருக்கிறது, அவ்வளவுதான். இயற்கையின் கருணை என்று இதைச் சொல்ல ஆசை வரும். எனக்கு அதில் தயக்கம் உண்டு, ஏனென்றால் குண்டு வெடிப்பதும் அதே இயற்கையால்தான்.

பொருளின் இயல்பையே காவலாக வேண்டுமென்றே பயன்படுத்த முதலில் துணிந்தவர்களில் இயற்பியலாளர்கள் எட்வர்ட் டெல்லரும் ஃப்ரீமன் டைசனும் உண்டு. 1956-இல் சான் டியாகோவில் கூடிய குழுவிடம் டெல்லர் வைத்த நிபந்தனையைப் பின்னாளில் டைசன் எழுதியிருக்கிறார்: பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் கொடுத்தாலும் ஆபத்தில்லாத உலை வேண்டும். கட்டுப்பாட்டுத் தண்டுகள் முழுவதையும் சட்டென்று உருவினால்கூட உலை தானாக அடங்க வேண்டும். அவர்கள் கண்ட வழி, யுரேனியத்தோடு சிர்க்கோனியம் ஹைட்ரைடைக் கலந்து எரிபொருள் செய்வது. நியூட்ரானின் வேகத்தைத் தணிக்கும் ஹைட்ரஜன் எரிபொருளுக்குள்ளேயே இருக்கிறது. எரிபொருள் சூடானால் ஹைட்ரஜனும் அக்கணமே சூடாகி, தன் மேல் மோதும் நியூட்ரானை மெதுவாக்குவதற்குப் பதில் உதைத்து விரைவாக்குகிறது. விரைந்த நியூட்ரான் பிளவை உண்டாக்குவது குறைகிறது, தொடர்வினை தளர்கிறது. ட்ரிகா என்ற பெயரில் இந்த வகை உலைகள் உலகெங்கும் 60-க்கும் மேல் கட்டப்பட்டன, பல பல்கலைக்கழகங்களில். அவற்றில் சிலவற்றில் ஒரு சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து காட்டுவார்கள். தண்ணீர்த் தொட்டியின் அடியில் உலை. காற்றழுத்தத்தால் ஒரு தண்டை வெளியே வீசுவார்கள். நீலமாக ஒரு வெளிச்சம் தொட்டி முழுக்க அடித்து, மேலே நிற்பவர் மூச்சு விடுவதற்குள் அடங்கிவிடும். அந்த ஒரு நொடிக்குள் சக்தி சில நூறு மெகாவாட்டுகளுக்கு மேல் ஏறி, யாரும் கை வைக்காமலே கீழே வந்திருக்கும். வேறு உலையில் எதைத் தவறுதலாகச் செய்தால் பேரழிவோ, அதையே இங்கே மாணவர்களுக்குப் பாடமாக நடத்துகிறார்கள்.

ட்ரிகா சிறிய ஆய்வு உலை. ஊருக்கு மின்சாரம் தராது. மின்சாரம் தந்த உலைக்கு இது பொருந்துமா என்பதற்கு 1986 ஏப்ரல் மாதமே சாட்சி. ஏப்ரல் 3 அன்று அமெரிக்காவின் ஐடஹோவில், திரவ சோடியத்தால் குளிரும் ஈபிஆர்-2 என்ற சிறு மின்னுலையை முழுச் சக்தியில் ஓட்டி, தானியங்கி நிறுத்த ஏற்பாட்டை விலக்கிவைத்துவிட்டு, குளிர்விக்கும் பம்புகளை நிறுத்தினார்கள். சூடு ஏறியது, உலோக எரிபொருளும் தாங்கும் அமைப்பும் விரிந்தன, நியூட்ரான்கள் வெளியே கசிந்தன, சில நிமிடங்களில் உலை தானாக அணைந்தது. அன்று மதியமே வெப்பம் வெளியேறும் வழியை அடைத்து மறுபடி செய்தார்கள், மறுபடியும் அணைந்தது. இருபத்துமூன்று நாட்கள் கழித்து, ஏப்ரல் 26 அதிகாலை, செர்னோபிலின் நான்காம் உலையிலும் ஒரு சோதனைதான் நடந்தது, அதுவும் ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டைப் பற்றிய சோதனை. அங்கேயும் சில தானியங்கி ஏற்பாடுகளை விலக்கிவைத்திருந்தார்கள். ஆனால் அந்த வகை உலையில் தண்ணீர் ஆவியானால் தொடர்வினை தளராமல் கூடும். ஐடஹோவில் இருந்தவர்கள் நல்லவர்கள், செர்னோபிலில் இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு இடத்திலும் மனிதர்கள் காவலை விலக்கினார்கள். ஓரிடத்தில் பொருளின் இயல்பு அவர்களைக் காப்பாற்றியது. மற்ற இடத்தில் அதே இயல்பு அவர்களை அடித்தது.

இங்கே ஓர் ஆட்சேபம் நியாயமாகவே எழும். அணைந்த உலை ஆறிய உலை ஆகாது. ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காகவே நின்றன. பிளவுத் துண்டுகள் சிதைவதால் வரும் எச்ச வெப்பத்துக்கு மட்டும் நிறுத்தம் கிடையாது. தமிழ்நாட்டின் கூடங்குளத்தில் இருப்பதைப் போன்ற, 3000 மெகாவாட் வெப்பம் தரும் உலையை எடுத்துக்கொண்டால், அணைந்த கணத்தில் ஏறத்தாழ 200 மெகாவாட் மிஞ்சும். ஒரு நாள் போனாலும் பதினைந்து மெகாவாட் அளவுக்கு இருக்கும். ஃபுகுஷிமாவில் இந்த வெப்பத்தை வெளியேற்றும் பம்புகளுக்கு மின்சாரம் தந்த டீசல் ஜெனரேட்டர்களைச் சுனாமி மூழ்கடித்ததும் மூன்று உலைகளின் மையம் உருகியது. முடிந்துபோன வினையின் மிச்சம் தொடர்ந்து வந்து சுடுகிறது. வினைப்பயனைப் பற்றிப் பேசிப் பழகிய நமக்கு இது புரியாத இயற்பியல் இல்லை. இதற்கும் ஆளில்லாத வழியைத் தேடியிருக்கிறார்கள். கூடங்குளத்தில் நீராவி தானாக மேலேறி, வெளிக்காற்றில் குளிர்ந்து, நீராகத் தானே இறங்கும் ஏற்பாடு இருக்கிறது. பம்பு இல்லை, மின்சாரம் தேவையில்லை. சீனாவின் ஷிடாவ் விரிகுடாவில் 2023 டிசம்பரில் வணிக உற்பத்தி தொடங்கிய உலை இன்னும் நேரான வழியைப் பிடித்தது. கசகசா அளவு எரிபொருள் மணிகளுக்குப் பீங்கான் போன்ற உறையிட்டு, ஆயிரக்கணக்கில் சேர்த்து, ஆறு சென்டிமீட்டர் கிராபைட் உருண்டைகளாகப் பிடித்திருக்கிறார்கள். குளிர்விக்கும் ஏற்பாட்டை நிறுத்திச் செய்த சோதனைகளில், உறை தாங்கும் அளவுக்குள்ளேயே உலை தானாக ஆறியது. ரகசியம் அளவில்தான் இருக்கிறது. அண்டாவில் கொதித்த கஞ்சி ஆற நாழியாகும், டம்ளரில் ஊற்றினால் சீக்கிரம் ஆறும். அங்கே ஓர் உலையின் வெப்பச் சக்தி 250 மெகாவாட் மட்டுமே, கூடங்குளத்து உலையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. காவலாள் வேண்டாம் என்றால் சிறியதாக இரு என்று இயற்கை விலை சொல்கிறது. பெரிதாகக் கட்டினால்தான் கட்டுப்படியாகும் என்ற கணக்கு அந்த விலையைப் பல பத்தாண்டுகள் கொடுக்க மறுத்தது.

இதைவிட ஆழமான ஆட்சேபம் ஒன்று உண்டு. இயற்கையை நம்புகிறோம் என்று சொல்லிக்கொண்டு, இயற்கையைப் பற்றிய நம் அறிவைத்தானே நம்புகிறோம்? ஜெர்மனியின் யூலிஷ் நகரில் இதே உருண்டை வகை உலை ஒன்று 1967 முதல் 1988 வரை மின்சாரம் தந்தது. இயல்பிலேயே பாதுகாப்பானது என்று அதைப் பாராட்டாதவர் குறைவு. அதன் உள்ளே உண்மையில் எவ்வளவு சூடு என்று பார்க்க, வெவ்வேறு வெப்பத்தில் உருகும் கம்பிகளை அடைத்த உருண்டைகளை உள்ளே விட்டார்கள். வெளியே வந்தபோது உருகக் கூடாத கம்பிகள் பல உருகியிருந்தன. கணித்ததைவிட உள்ளே சூடு கணிசமாக அதிகம். இயற்கை பொய் சொல்லவில்லை, நம் கணக்குத்தான் தவறு. கூடங்குளத்தை ஒட்டிய மீனவ ஊரான இடிந்தகரையில், அந்த உலைகளை எதிர்த்து 2011-இல் மூண்ட போராட்டத்தின்போது நடந்த வாக்குவாதமும் இந்த இடத்தில்தான் முட்டி நின்றது. ஒரு தரப்பு, தானாகக் குளிரும் ஏற்பாடு இருக்கிறது, உருகினாலும் தாங்கிப் பிடிக்கும் கலம் இருக்கிறது என்று பொருளின் இயல்பைச் சொன்னது. எதிர்த்தரப்பு, அந்தக் குழாயைச் செய்தவர் யார், சோதித்தவர் யார், அந்த அறிக்கையை எங்களுக்கு ஏன் காட்டவில்லை என்று மனிதர்களைக் கேட்டது. மீனவர்களுக்கு இயற்பியல் தெரியாது என்று அதைத் தள்ளியவர்கள், கேள்வியையே தவறாகப் படித்தவர்கள். சூடான நீராவி மேலேறும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அது ஏறும் குழாயின் பற்றவைப்பில்தான் சந்தேகம். என் வாதத்தை இந்த ஆட்சேபம் தகர்க்கவில்லை என்றே நினைக்கிறேன், ஆனால் திருத்துகிறது. இயல்பான பாதுகாப்பு விழிப்பை ஒழிப்பதில்லை, முன்னுக்குத் தள்ளுகிறது. அறுபது ஆண்டுகள் ஒவ்வோர் இரவும் கட்டுப்பாட்டு அறையில் வேண்டியிருந்த விழிப்பு, கட்டும் காலத்துக்குள், கட்டுபவர்கள் கைக்குள், திறந்த கணக்குக்குள் வந்துவிடுகிறது. அதாவது நேர்ந்தவர் தலைமேலேயே வந்து விழுகிறது. அது விழ வேண்டிய தலை அதுதான். கணக்கைத் திறந்து காட்டாதவர் அந்தக் கடனையும் மறுபடி அடுத்தவர் மேல் தள்ளுகிறார்.

பயமே நல்லது, அதை மழுங்கடிக்கும் தொழில்நுட்பம்தான் ஆபத்து என்பவர்களும் உண்டு. ஜெர்மானியத் தத்துவவாதி ஹான்ஸ் யோனாஸ் 1979-இல், வருங்காலத்தைப் பற்றி முடிவெடுக்கையில் நன்மையின் கணிப்பைவிடத் தீமையின் கணிப்புக்கே கூடுதல் செவி கொடுக்க வேண்டும் என்று வாதிட்டார். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவருடைய அச்சம் கைகட்டி நிற்கச் சொல்லும் அச்சம் அல்ல. பொறுப்பைக் கண்டுபிடிக்க உதவும் கருவி. உலைகளையெல்லாம் நாளையே மூடிவிட்டுச் சூரிய ஒளிக்கு மாறினாலும், இத்தனை பத்தாண்டுகளில் சேர்ந்த எரிபொருள் குளங்களிலும் கலங்களிலும் அப்படியே இருக்கும். நேர்ச்சை நடந்தாகிவிட்டது. நிலக்கரி எரிந்து வரும் கரியமில வாயுவின் ஒரு பகுதியும் ஆயிரமாண்டுக் கணக்கில் காற்றில் தங்கும் நேர்ச்சைதான். அதற்கு யாரும் கல்வெட்டுகூட வைக்கவில்லை.

எனவே கேள்வி கழிவுக்கு வந்து சேர்கிறது. பின்லாந்தில், ஒல்கிலுவோட்டோ என்ற தீவில், ஓங்கலோ என்ற சுரங்கத்தை 2004 முதல் குடைந்தார்கள். நூற்றுத்தொண்ணூறு கோடி ஆண்டுப் பழமையான பாறையில், 400 மீட்டருக்கும் கீழே, எரிபொருளைச் செப்புக் கலத்தில் அடைத்து, சுற்றிலும் பென்டோனைட் களிமண் வைத்து, வழியை மூடிவிடும் திட்டம். செபியோக்கின் பூசாரிகளுக்கு இங்கே வேலையில்லை. மறந்தாலும் காக்க வேண்டும் என்பதே வடிவமைப்பின் நிபந்தனை. இப்படிப் புதைப்பது சாத்தியமா என்பதற்கு இயற்கையே ஒரு முன்மாதிரியை வைத்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் காபோனில், ஓக்லோ சுரங்கத்து யுரேனியத்தில் 0.720 சதவீதம் இருக்க வேண்டிய யுரேனியம்-235, சற்றே குறைவாக 0.717 சதவீதம் இருப்பதை 1972-இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் கவனித்தார்கள். தேடிப் போனால், ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே தொடர்வினை தானாக நடந்திருக்கிறது. நிலத்தடி நீர் ஊறினால் எரியும். சூடாகி நீர் ஆவியானால் நிற்கும். ஆறினால் மறுபடி ஊறும். பல லட்சம் ஆண்டுகள் இப்படி நடந்தது. அதில் உண்டான புளூட்டோனியம் ஏறக்குறைய உண்டான இடத்திலேயே இருந்து சிதைந்துபோனது. எல்லாமே அப்படித் தங்கவில்லை; வாயுக்களும் சில கரையும் தனிமங்களும் வெளியேறின. ஆகவே ஓக்லோ ஒரு சான்று, உத்தரவாதம் அல்ல. செப்புக் கலம் நீண்ட காலத்தில் அரிக்கப்படுமா என்பதில் ஐயங்கள் தீரவில்லை என்று, இதே முறையில் புதைக்கத் திட்டமிட்ட சுவீடனின் நிலம்-சுற்றுச்சூழல் நீதிமன்றம் 2018-இல் சொன்னது. அந்நாட்டு அரசு நான்கு ஆண்டுகள் கழித்தே அனுமதி தந்தது. அந்த நான்கு ஆண்டுகளைத் தாமதம் என்று சிலர் குறைப்பட்டார்கள். லட்சம் ஆண்டுக் காரியத்தில் அது எனக்குக் குறையாகப் படவில்லை.

மறக்கவைப்பதும் ஒரு வஞ்சகம், பின்வருபவருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்பார்கள். தெரிந்துகொள்ளட்டும், பதிவுகள் இருக்கட்டும். தெரிந்திருப்பது உரிமையாக இருக்கும்வரை நல்லது, உயிர் பிழைப்பதற்கான நிபந்தனையாகிவிட்டால் அது கொத்தடிமைத்தனம். ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையராவது ஒப்புக்கொண்டு வாங்கினார்.

ஒன்றை மட்டும் எந்த இயல்பும் தீர்த்துவைக்காது. உலையின் சூட்டைத் தணிக்கும் இயற்பியலுக்கு, புளூட்டோனியத்தைத் திருடக் கூடாது என்று தெரியாது. பாறைக்கடியில் போவதற்கு முன் எரிபொருள் பல பத்தாண்டுகள் மனிதர் கையெட்டும் தொலைவில் இருக்கிறது; அதைப் பிரித்தெடுத்து மறுபடி எரிக்கும் திட்டமானால் கையிலேயே இருக்கிறது. கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளும் வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் உள்ளன. கல்பாக்கத்தில் கட்டிய 500 மெகாவாட் வேக ஈனுலை அதில் சேரவில்லை. கண்காணிப்பு என்றால் பெரிய எந்திரம் ஒன்றும் இல்லை. முகமையின் ஆய்வாளர்கள் கலங்களின் மூடியில் பல பத்தாண்டுகளாகக் கம்பி கோத்துப் போட்டுவந்த முத்திரை ஒன்று உண்டு, பெரிய சட்டைப் பொத்தான் போல, இரண்டு உலோகச் சில்லுகள் சேர்ந்தது. அனுப்பும் முன் சில்லின் உட்புறத்தில் தாறுமாறாகக் கீறிப் படம் எடுத்து வைத்திருப்பார்கள். அடுத்த முறை வருபவர் கம்பியை அறுத்து, சில்லை வியன்னாவுக்கு எடுத்துப் போவார். அங்கே ஒருவர் மேசையில் உட்கார்ந்து, படத்திலுள்ள கீறலும் சில்லிலுள்ள கீறலும் ஒன்றுதானா என்று பார்ப்பார். கலத்தில் வேறொரு முத்திரை ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கும்.